ஐந்தாம் நம்பரில் வைத்த எலுமிச்சம்பழம்

என் அக்கா அங்காளம்மாளின் கணவர் கங்காதரன், கல்யாணப் பந்தி நடக்கிற இடத்தில் பாராசூட் மடித்துக்கொண்டிருந்தவர். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாற்பதடி நீளத்துக்கு மேசை போட ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மண்டபத்து டைனிங் ஹாலை விட்டால் வேறு இடம் எங்கே இருக்கிறது?

மண்டபம் நிற்பது எங்கள் அப்பா வேர்க்கடலை போட்ட நிலம். வேளச்சேரி ரோடு அகலமானதும் கடலைக்கு இல்லாத மவுசு கல்யாணத்துக்கு வந்தது, கட்டிவிட்டேன். ஆடி, புரட்டாசி, மார்கழியில் மண்டபத்தில் ஈ ஓட்டுவேன். அந்த மாதங்களில் ஹாலின் சாவி மாமாவிடம் இருக்கும். நீளமான மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பாராசூட்டைப் படுக்க வைப்பார். பார்ப்பதற்குப் பெரிய வீட்டுப் பிணத்தைக் கிடத்தியது போல இருக்கும். இதை அவரிடமே ஒருமுறை சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை.

விமானப் படையில் இருபது வருஷம் அவருக்கு இதுதான் வேலை. ஓய்வு பெற்று வந்தபின் ரிக்கர் என்ற சான்றிதழோடு எட்மண்ட் என்பவரின் குதிக்கும் கிளப்புக்கு மடித்துக் கொடுத்தார். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு பழைய ஓடுபாதையில் எட்மண்ட் சின்ன விமானம் வைத்து ஆட்களை மேலே கொண்டுபோய்க் குதிக்க விடுவார். குதிக்கிறவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை அவரவரே மடித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ரிசர்வ் என்று பெயர். முதலாவது காலை வாரிவிட்டால் இதுதான் கதி. அதை ரிக்கர் மட்டும்தான் மடிக்கலாம். மடித்து, உலோகப் பின் குத்தி, சிவப்பு நூல் கட்டி, இடுக்கியால் ஒரு சின்ன ஈயத் துண்டை நசுக்கி சீல் வைப்பார். பிறகு அட்டையில் தேதி, கையெழுத்து. அவ்வளவுதான், ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவு ஆபீசில் கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்த ஹாலில் அவர் இருக்கும்போது பாயசம், ரசம் என்ற வார்த்தையைக்கூடச் சொல்ல விடமாட்டார். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, இரண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொடுவார். என் சமையல்காரர் சாம்பசிவன் ஒருநாள் மோர் கொடுக்க உள்ளே வந்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் டம்ளரோடு வெளியே ஓடினார். நாங்களெல்லாம் பின்னால் சிரிப்போம். உள்ளுக்குள் எனக்கு ஒரு கோபமும் உண்டு. என் மண்டபம், என் மேசை, என்னையே வாசலில் நிறுத்துகிறாரே என்று.

ஆயுத பூஜையிலும் அப்படித்தான். ஊரில் அரிவாள்மனை முதல் ஆட்டோ வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். இவர் மட்டும் பாராசூட்டுக்கு ஒரு பொட்டு வைக்க விடமாட்டார். "சாமி கும்பிடறதுன்னா தூரமா நின்னு கும்பிடு மச்சான். என் பொருள் மேல ஒண்ணும் வெய்க்காத" என்பார். அக்கா எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். உயிர் காக்கிற பொருளுக்குப் பூஜை இல்லையா என்று அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். காரணம் சொல்லமாட்டார். பட்டாளத்துக்காரர், உத்தரவு போடுவாரே தவிர விளக்கம் கொடுக்கத் தெரியாது.

2007ஆம் வருஷம் விஜயதசமியன்று எட்மண்டின் கிளப்பில் எட்டுப் பேர் குதிப்பதாக இருந்தது. எட்டு ரிசர்வையும் மாமா மடித்து சீல் வைத்து, ஒன்று முதல் எட்டு வரை நம்பர் ஒட்டி வரிசையாக வைத்திருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் அஞ்சலி என்றொரு பெண் தன் ரிசர்வைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். சேலையூரில் வீடு, தாம்பரத்தில் ஒரு பாங்கில் வேலை. அவளுக்கு இதுதான் முதல் குதிப்பு.

"எப்பெல்லாம்ணா இதை உங்ககிட்ட கொண்டுவரணும்?" என்று கேட்டாள்.

மாமாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம் ஆச்சுன்னா வரணும். அது அட்டையிலேயே கீது, யாரு வேணா படிச்சுக்கலாம். மழைத்தண்ணி பட்டா வரணும். சிவப்பு நூல் அறுந்து கீதுன்னா வரணும். பின்னு வளைஞ்சா, எலி கடிச்ச மாதிரி தெரிஞ்சா, கார் டிக்கியில பேட்டரி பக்கத்துல வெச்சுட்டா, எங்கனா ஒரு கறை தெரிஞ்சா, ஒடனே வரணும். நீயா தொறந்து பாக்காத. அப்புறம் ஒண்ணு, கறையைத் தொடைச்சுட்டு எடுத்துகினு வராதம்மா. கறையோட எடுத்துகினு வா. தொடைச்சா வெளியில கீறது போயிடும். உள்ள போனது உள்ளயே தங்கிடும்."

"இதுல எதுவுமே இல்ல, ஆனா மனசுக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்தா?"

"அப்பதாம்மா மொதல் ஆளா வரணும்" என்றார் மாமா.

அவளுக்கு ஐந்தாம் நம்பர். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போகும்போது என்னிடம், "அங்கிள், எங்கம்மாவுக்குத் தெரியாது. ஆபீஸ் ட்ரெய்னிங்னு சொல்லிருக்கேன்" என்று சிரித்தாள்.  எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும்.

ஆயுத பூஜையன்று மாமா அனகாபுத்தூரில் தன் தங்கை வீட்டுத் தறிப் பூஜைக்குப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் எட்மண்டின் வேன் வரும், எடுத்துக் கொடு என்று சாவியை என்னிடம் கொடுத்தார். "தூக்கிக் குடு, போதும். வேற ஒண்ணும் பண்ணாத."

சாயங்காலம் ஜெனரேட்டர், அடுப்பு, அண்டா, என் மாருதி வேன் எல்லாவற்றுக்கும் பூஜை முடிந்தது. சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது. ஹால் சாவி மடியில் இருந்தது. அப்புறம் என்ன? கதவைத் திறந்துகொண்டு போய் எட்டுக்கும் பொட்டு வைத்தேன். ஒரு சொட்டுச் சந்தனம், ஒரு சிட்டிகை குங்குமம். அதனால் என்ன குடி முழுகிவிடும்? ஐந்தாம் நம்பரிடம் வந்ததும் அந்தப் பெண் சிரித்தது ஞாபகம் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் வந்தவள். அவளுக்காக யார் வேண்டிக்கொள்வார்கள்? எலுமிச்சம்பழம் ஒன்றை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, இரண்டு மூடியையும் அதன்மேல் வைத்துக் கற்பூரம் காட்டினேன். திருஷ்டி எல்லாம் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது. அப்படியே பூட்டிவிட்டு வந்தேன்.

விடியற்காலை போய்ப் பார்த்தால், நான் நிறுத்த மறந்த மின்விசிறியின் காற்றில் இரண்டு மூடியும் கவிழ்ந்து கிடக்கின்றன. பின் குத்தியிருக்கும் இடத்தை மூடியிருந்த மடிப்பில் ஒன்று சொருகிக்கொண்டிருந்தது. சாறு இறங்கித் துணி ஈரமாக இருந்தது. மாமா பார்த்தால் தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன், வேறெதுவும் தோன்றவில்லை. ஈரத் துணியால் எட்டையும் அழுத்தித் துடைத்தேன். பொட்டு போய்விட்டது, சாறும் போய்விட்டது. வேன் வந்தது. என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன்.

எட்டே முக்காலுக்கு மாமா வந்தார். குதிக்கிற இடத்துக்கு அவரும் போக வேண்டும். அன்றைக்கு நான் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மாருதி வேனில் கிளம்பினோம். முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது. டேஷ்போர்டில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டிருந்தது. தாம்பரம் ரயில்வே கேட் எங்கள் மூக்குக்கு நேரே மூடியது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்கே போக அந்த கேட்டை விட்டால் வேறு வழி கிடையாது. மூடினால் ஒரு ரயிலோடு விடமாட்டார்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற மின்ரயில், பீச்சுக்குப் போகிற மின்ரயில், நடுவில் ஒரு எக்ஸ்பிரஸ். முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் மாநகரப் பேருந்து, இரண்டு பக்கமும் ஆட்டோ. கதவைத் திறந்து காலை வெளியே வைக்கக்கூட இடமில்லை.

மாமா நல்ல மனநிலையில் இருந்தார். அந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"ஏன் பூஜை வேணாம்னு நீயும் உங்கக்காவும் வருஷா வருஷம் கேக்கறீங்களே, இதுக்குத்தான் மச்சான். அந்தத் துணி நைலான். நைலானுக்கு ஆசிட்டுன்னா ஆவாது. இதுல கீறது இன்னா? ஆசிட்தான். ஒருத்தன் கார் டிக்கியில பேட்டரி பக்கத்துல ரிசர்வை வெச்சுட்டான். வெளிய ஒரு சின்னக் கறை. உள்ள தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. எலுமிச்சை அந்த அளவுக்கு இல்லதான். ஆனா எவ்ளோ எறங்குச்சு, எங்க போச்சுன்னு தொறக்காம யாருக்குத் தெரியும்?"

 பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது எனக்காகவே சொன்னதுதான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற தண்ணீர் லாரியின் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் இனி ஆயுசுக்கும் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பெண். மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு முதல் விமானம். முதல் பாராசூட் விரிந்துவிட்டால் ரிசர்வே தேவையில்லையே, ஆயிரத்தில் ஒரு தடவைதானே, அந்த ஒன்று இன்றைக்கா வரப்போகிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இரண்டு ரயில் போகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதாக எக்ஸ்பிரஸ் வந்தபோது அந்தச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். சத்தம் அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பொட்டு, பழம், கவிழ்ந்தது, துடைத்தது, எல்லாம்.

மாமா திட்டவில்லை. "எந்த நம்பரு?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு."

கைபேசியை எடுத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார், அதே குரல். கேட் திறந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்து வண்டியெல்லாம் குறுக்கே புகுந்து முட்டிக்கொண்டு நின்றதில் யாரும் ஓர் அடி நகரவில்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை, பக்கத்து ஆட்டோக்காரர், "இன்னா சார், வூட்ல யாருக்கினா முடியலியா?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. மாமா பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ போட்டபோது மணி அடித்தது.

"எட்மண்ட், கங்காதரன் பேசறேன். ஏறிட்டாங்களா?"

எட்மண்டின் குரல் எனக்கும் கேட்டது. "ஃபர்ஸ்ட் லோட் ஏறிட்டு இருக்காங்க சார். எங்க இருக்கீங்க?"

"அஞ்சாம் நம்பரை எறக்கு."

"ஏன் சார்? சீல் இருக்கு, டேட் இருக்கு. நானே செக் பண்ணேன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பழம் என்று சொல்லப்போகிறார், சொல்லட்டும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் தப்பா மடிச்சுட்டேன்" என்றார் மாமா.

 "சார், நீங்களா?" என்று கேட்டார் எட்மண்ட்.

"நான்தான். உள்ள கயிறு சுத்திகினு கீது. இப்பதான் ஞாபகம் வந்துச்சு. எறக்கு."

"ஒண்ணு அப்படின்னா மத்த ஏழு மட்டும் எப்படி சார்?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஏழும் சரி என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? "நீ சொல்றது சரிதான்" என்றார். ஏறியவர்களை இறக்கி, எட்டுப் பேரின் குதிப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

பெருங்களத்தூர் தாண்டியதும் கேட்டேன். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? நான் பண்ணதுன்னு சொல்லியிருக்கலாமே."

"எலுமிச்சம்பழம்னா இன்னா பண்ணுவான்? சிரிப்பான். தொடைச்சாச்சுல்ல, பரவால்லன்னு ஏத்திடுவான். எட்டுப் பேரு, பிளேனு, பெட்ரோலு எல்லாம் ரெடியா கீது. தப்பா மடிச்சேன்னாதான் எறக்கியே ஆவணும்."  இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மடிப்புகூடத் தப்பாக விழாத கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எட்மண்ட் எட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கடுமையான வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் மடிக்கவும் ஒன்றும் அனுப்பவில்லை. சென்னையில் குதிக்கிறவர்கள், பறக்கிறவர்கள் மொத்தமே ஒரு கைப்பிடி ஆட்கள்தான். கங்காதரன் தப்பாக மடிப்பவர் என்று ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஹாலில் ஐந்தாம் நம்பரைப் பிரித்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் பார்த்த லிட்மஸ் தாளை ஈரப்படுத்தி ஒவ்வொரு மடிப்பாக ஒற்றினார். வெளி மடிப்பில் நீலத்தாள் சிவந்தது. அதற்கு அடுத்ததில் லேசாக. உள்ளே பாராசூட் துணியில் எங்கே வைத்தாலும் நீலம் நீலமாகவே இருந்தது. துணியைக் கவ்வியில் மாட்டி ஸ்பிரிங் தராசால் இழுத்தார். முள் சோதனைக்கு வேண்டிய பதினெட்டுக் கிலோவைத் தொட்டது, துணியில் ஓர் இழைகூட விடவில்லை. ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. "மாமா, நல்லாதான் கீது! போய் எட்மண்ட்கிட்ட சொல்லுங்க!"

"இன்னான்னு சொல்றது? சரியாத்தான் மடிச்சேன், உன்கிட்ட பொய் சொன்னேன்னா?" மாமா தராசைக் கழற்றினார். "தப்பா மடிச்சவன்கிட்டயும் யாரும் குடுக்க மாட்டான். பொய் சொன்னவன்கிட்டயும் குடுக்க மாட்டான். ரெண்டுல ஒண்ணுதானே மச்சான் நான்?"

அடுத்த வாரம் மாமாவைப் பார்க்க அஞ்சலி மண்டபத்துக்கு வந்தாள். நான் வாசலில் தூணருகே நின்றுகொண்டிருந்தேன். "நிஜமாவே தப்பா மடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார். "சொன்னீங்களே, அது போதும்ணா" என்றாள். அவள் என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தை மாதத்தில் வேறொருவர் மடித்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு குதித்தாள் என்று கேள்விப்பட்டேன். முதல் பாராசூட்டே விரிந்ததாம்.

என்னால் தாங்க முடியாமல், மாமாவிடம் சொல்லாமல், ஒருநாள் சானடோரியத்தில் இருக்கிற எட்மண்டின் வீட்டுக்குப் போனேன். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். பழம் வைத்தது நான், துடைத்தது நான், மாமாவின் மடிப்பில் ஒரு குற்றமும் இல்லை என்றேன். எட்மண்ட் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அன்னைக்கு ஃபோன்ல சார் சொன்னது பொய்?"

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் சார்."

"தெரியுது. நல்ல பொய்தான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." எட்மண்டுக்கும் கண் கலங்கியிருந்தது. "ஆனா நாளைக்கு அவர் ஒரு அட்டையில 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டா, அது யாரோட நல்லதுக்குன்னு நான் எப்படி எடுத்துக்கறது, சொல்லுங்க?"

எழுந்து வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம். அதுவரை மாமாவுக்கு ஒரு பெயர் மட்டும்தான் கெட்டிருந்தது. பொய் சொல்லாதவர் என்ற இரண்டாவதையும் நானே கெடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஹாலை மாமா கேட்கவில்லை. ஆடியிலும் கேட்கவில்லை. அக்கா என்னிடம் இன்றுவரை எதையும் கேட்டதில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. மாமா காலையில் பேப்பர் படிப்பார், சாயங்காலம் ஏரிக்கரை வரை நடப்பார். என்னோடு எப்போதும் போலத்தான் பேசினார். திட்டித் தீர்த்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நான் மண்டபத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே வந்தார். கையில் சீல் வைக்கிற அந்த இடுக்கி. பட்டாளத்திலிருந்து வந்தபின் வாங்கியது. ஒரு நாளும் அக்காவைக்கூடத் தொட விட்டதில்லை. பூஜைப் பலகையில் அரிவாள்மனைக்கும் கரண்டிக்கும் நடுவில் அதை வைத்தார். கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து அவரே பொட்டு வைத்தார். தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழ மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெய்யி மச்சான். இனிமே இதால யாருக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார்.